மிளகாயின் காரமும் மாடியில் அதை வளர்க்கும் முறையும்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒரே கூறில் வாங்கிய பச்சை மிளகாயில் ஒன்று சப்பென்று இருக்கும், அடுத்தது கண்ணில் நீர் வரவழைக்கும். இதற்கு நான்கு காரணங்கள் உண்டு: எந்த ரகம், எவ்வளவு முற்றியது, செடிக்குத் தண்ணீர் எப்படிக் கிடைத்தது, காயின் எந்தப் பகுதி நாக்கில் பட்டது. ரகம் விதை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. மற்ற மூன்றும் வளர்ப்பவர், சமைப்பவர் கையில் இருக்கின்றன. நம் கடலோர ஊர்களில் அதில் பெரிய பங்கு தண்ணீருக்கு. உப்பேறிய போர்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் தான் இங்கே மிளகாய்ச் செடியை அதிகம் வீழ்த்துகின்றன. ஆகவே முதலில் காரத்தைப் புரிந்துகொண்டு, பிறகு மாடிக்குப் போவோம்.

காரம் எங்கிருந்து வருகிறது

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு போல நாக்கின் சுவை மொட்டுகள் அறியும் சுவையல்ல காரம். மிளகாயில் கேப்சைசின் என்ற பொருளும் அதன் நெருங்கிய உறவுப் பொருள்கள் சிலவும் இருக்கின்றன. வெப்பத்தை உணர்வதற்கென்று நம் நரம்பு முனைகளில் ஒரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூடு பட்டால் அது விழித்துக்கொண்டு மூளைக்குச் ‘சுடுகிறது’ என்று சொல்லும். கேப்சைசின் அதே புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வாயில் சூடே இல்லாதபோதும் மூளைக்கு அதே செய்தி போகிறது. வியர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். இந்தப் புரதத்தை 1997-இல் அடையாளம் கண்டது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு. அவருக்கு 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நாக்கில் மட்டுமல்ல, கண்ணிலும் தோலிலும் அதே நரம்பு முனைகள் இருப்பதால்தான் மிளகாய் நறுக்கிய கை கண்ணில் பட்டால் எரிகிறது. பறவைகளின் உடலில் உள்ள அந்தப் புரதம் கேப்சைசினுக்கு அசைவதில்லை. மாடியில் பழுத்த காந்தாரி மிளகாயைக் கிளியும் மைனாவும் கொத்திப் போவது இதனால்தான். காட்டில் மிளகாய் விதையைப் பரப்பியவையும் பறவைகளே.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். எனவே காரம் ஏறியதும் தண்ணீர் குடித்தால், எரிச்சல் வாய் முழுக்கப் பரவுவதுதான் மிச்சம். ஒரு வாய் தயிர்ச்சோறோ கெட்டிப் பாலோ நல்லது. அதிலுள்ள கொழுப்பும் கேசின் என்ற பால் புரதமும் கேப்சைசினைப் பிடித்து இழுத்துப் போகின்றன. கையில் எரிந்தால் முதலில் நல்லெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, அதன் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காரம் விதையில் இருக்கிறது என்பது வீடுதோறும் சொல்லப்படும் கருத்து. விதையில் காரம் உற்பத்தியாவதில்லை. காயைக் குறுக்கே வெட்டினால், விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை தெரியும். கேப்சைசின் உருவாவது அந்தச் சதையில். விதை அதை உரசிக்கொண்டிருப்பதால் அதன்மேலும் காரம் பூசிக்கொள்கிறது. வெள்ளைச் சதை காம்புப் பக்கம் தடித்தும் நுனிப் பக்கம் மெலிந்தும் இருக்கும். அதனால் காயின் நுனியைக் கடித்துப் பார்த்து ‘காரமில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. குழந்தைகளுக்கான குழம்பில் மிளகாய் வாசம் வேண்டும், காரம் வேண்டாம் என்றால், காயை நீளவாக்கில் கீறி, கரண்டிக் காம்பால் அந்த வெள்ளைச் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டால் போதும். காரத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

ஸ்கோவில் எண்

காரத்துக்கு எண் கொடுக்க முதலில் வழி கண்டவர் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளுநர். ஆண்டு 1912. காய்ந்த மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாரம் இறக்கி, அதைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, ஐந்து பேருக்குச் சுவைக்கக் கொடுத்தார். அவர்களில் மூன்று பேருக்காவது காரம் தெரியாமல் போகும் வரை மேலும் மேலும் நீர்க்கச் செய்தார். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே அந்த மிளகாயின் எண். 30,000 என்றால், அந்தச் சாரம் ஒரு பங்குக்குச் சர்க்கரைத் தண்ணீர் 30,000 பங்கு ஊற்றினால்தான் காரம் மறையும் என்று பொருள்.

இந்த முறையின் குறை எளிதில் புரியும். நாலைந்து முறை சுவைத்ததும் நாக்கு மரத்துப்போகிறது. ஆளுக்கு ஆள் உணர்வும் வேறு. அதனால் இப்போது ஆய்வகக் கருவியில் கேப்சைசின் வகைப் பொருள்களின் எடையை நேரடியாக அளந்து, ஸ்கோவில் எண்ணாக மாற்றுகிறார்கள். உலர்ந்த மிளகாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கேப்சைசின் இருந்தால் அது ஏறத்தாழ 16 ஸ்கோவில். தூய கேப்சைசின் 1 கோடியே 60 லட்சம். 40,000 ஸ்கோவில் மிளகாய்த்தூள் ஒரு கிராமில் கேப்சைசின் சுமார் 2.5 மில்லிகிராம்தான் இருக்கும். அவ்வளவு சிறிய அளவுதான் நமக்கு வியர்வை வரவழைக்கிறது.

நமக்குப் பழக்கமான மிளகாய்களை இந்த அளவில் வைத்துப் பார்ப்போம். குடை மிளகாய் சுழியம். காஷ்மீரி மிளகாய் 1,000 முதல் 2,000 வரை. கர்நாடகத்து பியாடகி பத்தாயிரத்தை ஒட்டி மேலும் கீழும் நிற்கும். ராமநாதபுரம் குண்டு மிளகாய் 15,000-லிருந்து 20,000 வாக்கில். இந்தக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டூர் சன்னம் 35,000 முதல் 40,000. காந்தாரி 50,000-இல் தொடங்கி ஒரு லட்சத்தைத் தொடும். வெளிநாட்டு ஹபனேரோ 1 லட்சம் முதல் 3.5 லட்சம். அசாம், நாகாலாந்துப் பக்கத்துப் பூத் ஜொலோக்கியா 10 லட்சத்தைத் தாண்டி 2007-இல் கின்னஸில் ஏறியது. 2023-இல் பெப்பர் எக்ஸ் என்ற அமெரிக்க ரகம் 26,93,000 என்ற எண்ணோடு முதலிடம் பிடித்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, எல்லா எண்ணும் உலர்ந்த எடைக்கு உரியது. பச்சை மிளகாயின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் 10 கிராம் பச்சை மிளகாயையும் 10 கிராம் வரமிளகாயையும் ஒன்றாகக் கருதிக் குழம்பு வைத்தால் கணக்கு தப்பும். இரண்டாவது, எண் இரட்டித்தால் நாக்கில் உணரும் எரிச்சலும் சரியாக இரட்டிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உணர்வு ஆளைப் பொறுத்தது, பழக்கத்தையும் பொறுத்தது.

மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது இந்த எண் நேரடியாகப் பயன்படும். 750 கிராம் பியாடகி (12,000 என்று வைப்போம்), 250 கிராம் குண்டூர் (36,000) கலந்தால், முக்கால் பங்குக்கு 9,000, கால் பங்குக்கு 9,000, ஆகத் தூளின் காரம் சுமார் 18,000. இரண்டையும் அரைக்கிலோவாக எடுத்தால் 24,000 ஆகிவிடும். நிறம் வேறு, காரம் வேறு. சிவப்பைக் கொடுக்கும் பொருள்களுக்கும் கேப்சைசினுக்கும் தொடர்பில்லை. மீன் குழம்பு சிவக்க வேண்டும் என்றால் பியாடகியையோ காஷ்மீரியையோ கூட்டுங்கள். காரம் ஏற வேண்டும் என்றால் குண்டூரைக் கூட்டுங்கள்.

எந்த ரகத்தை வைப்பது

முதல் முறை வளர்ப்பவர்கள் பூத் ஜொலோக்கியா விதையைத் தேடிப் போவது வீண் வேலை என்பது எங்கள் கருத்து. அது முளைக்க வாரங்கள் ஆகும், காய்க்க மாதங்கள் ஆகும், வீட்டுச் சமையலில் ஒரு காய்கூடச் செலவாகாது. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான பி.எல்.ஆர். 1 என்ற மிளகாய் நம் கடலோரப் பகுதிக்கு ஏற்றது. பச்சை மிளகாய்க்கு அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். வற்றலுக்கு கே 1, கே 2 போன்ற கோவில்பட்டி ரகங்கள். மோர் மிளகாய் போடக் குண்டு மிளகாய். இவற்றோடு ஒரு காந்தாரிச் செடி. காந்தாரி பாதி நிழலிலும் வரும், ஒழுங்காகக் கவாத்து செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் காய்க்கும், மழையையும் மற்றவற்றைவிடத் தாங்கும்.

சமையலறை வரமிளகாயிலிருந்து எடுத்த விதையும் முளைக்கும். ஆனால் குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் கிடந்த மிளகாயாக இருந்தால் முளைப்பு குறையும். கலப்பின மிளகாயாக இருந்தால் தாய்ச்செடி போலக் காய்க்காது. எண்ணிக்கையில் மூன்று மடங்கு விதை போட்டு, வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம்

கடலூர், புதுச்சேரி மாடிக்கு ஆண்டில் இரண்டு தவணை பொருந்தும். நவம்பர் கடைசியில், மழை படாத தாழ்வாரத்தில் விதைத்து, பொங்கலை ஒட்டிப் பையில் நட்டால், மார்ச் தொடங்கி மே வரை காய் பறிக்கலாம். பூக்கும் காலம் பிப்ரவரி, மார்ச். இரவு குளிர்ந்து, பகல் மிதமாக இருக்கும் இந்த வாரங்களில்தான் பூ நன்றாகக் காயாகும். இன்னொன்று ஜூன் நடுவில் விதைத்து ஜூலை கடைசியில் நடுவது. அது செப்டம்பர், அக்டோபரில் காய்க்கும். ஆனால் நவம்பர் மழையில் செடியைக் காப்பாற்ற இடம் வேண்டும். இடம் இல்லாதவர்கள் முதல் தவணையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விதைப்பு

விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) தூள் ஒரு சிட்டிகை தூவிப் புரட்டுங்கள். குழித்தட்டில் கழுவிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு நிரப்பி, குழிக்கு இரண்டு விதையாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடுங்கள். அதற்கு மேல் ஆழம் போனால் முளை வெளியே வரத் திணறும். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். நம் ஊரில் அது இயல்பாகவே கிடைக்கிறது. சாதா ரகங்கள் 7 முதல் 12 நாளில் முளைக்கும். காந்தாரிக்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள்.

முளைக்கும் வரை தட்டின் மேல் ஈரத்துணியோ பாலித்தீன் தாளோ மூடி வைக்கலாம். முதல் முளை தலைகாட்டியதும் எடுத்துவிட வேண்டும். மூடியபடியே விட்டால் நாற்றின் தண்டு தரையோடு மெலிந்து, கருத்து, சாயும். இதுதான் நாற்று அழுகல். வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, காலையில் மட்டும் தண்ணீர் தெளித்து, காற்றோட்டமாக வைத்தாலே பெரும்பாலும் வராது. இரண்டு முளைத்த குழியில் நலிந்ததைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆடும். 35 முதல் 40 நாளில், ஐந்தாறு இலையும் 12 முதல் 15 செ.மீ. உயரமும் வந்ததும் நடத் தயார். கடைசி ஒரு வாரம் காலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பழக்குங்கள்.

பையும் மண்ணும்

செடிக்கு ஒரு பை. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் போதும். கறுப்புப் பை வெயிலில் கொதித்து வேரைப் பொசுக்கும். வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள பை வாங்குங்கள். மண் நனைந்ததும் ஒரு பை 15 முதல் 20 கிலோ எடை வரும். அதனால் மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, தூண், உத்தரம் வரும் இடங்களில் வரிசையாக வைப்பது நல்லது. தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் தளத்தின் சூடு வேருக்கு ஏறாது, அடித்துளையும் அடைபடாது. துளைகள் பக்கவாட்டில் அடியை ஒட்டி ஆறாவது இருக்கட்டும்.

கோரிமேடு, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் நல்ல மண்தான். ஆனால் பையில் தனியாக நிரப்பினால் காய்ந்ததும் இறுகிக் கல்லாகும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடற்கரை ஓரத்து மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது, உப்பும் இருக்கும். செம்மண் இரண்டு சட்டி, கழுவிய நார்க்கழிவு ஒரு சட்டி, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு சட்டி என்று கலந்து, பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, நனைத்து, பத்து நாள் நிழலில் விட்டுவிட்டு நடுங்கள். வேப்பம் புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பும். கலந்த அன்றே நட்டால் இளவேர் கருகலாம்.

நார்க்கழிவை ஏன் கழுவச் சொல்கிறோம் என்றால், அதில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. கட்டியைத் தொட்டியில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, புதுத் தண்ணீர் விட்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். பிழிந்து வரும் தண்ணீரின் பழுப்பு நிறம் வெளுக்க வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இதுதான். மிளகாய் உப்புத் தாங்காத பயிர். பாசனத் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராமைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். அதைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் பாதியாகிவிடும். கடலோரத் தெருக்களில் போர்த் தண்ணீர் இந்த அளவைச் சாதாரணமாகக் கடக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள். 500-க்குள் காட்டினால் கவலையில்லை. 500 முதல் 1,000 என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உப்பைக் கழுவி இறக்க வேண்டும். 1,000-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி மிளகாய் வைக்காதீர்கள். மழைநீரோடு கலந்தே ஊற்ற வேண்டும்.

பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்தத் தண்ணீரில். தளம் கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள், மிளகாய்க்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. அதைத் தாராளமாக ஊற்றலாம்.

உப்பு சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். மண்ணின் மேல் வெள்ளைப் படிவு, இலை ஓரம் பழுப்பாகக் கருகுவது, ஈரம் இருந்தும் செடி வாடுவது. இதைத் தாகம் என்று எண்ணி அதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். கழுவி இறக்குவது என்பது, நல்ல தண்ணீரை ஒரு பைக்கு இருபது லிட்டர் வரை, சிறிது சிறிதாக, அடித்துளை வழியாக ஓடி வெளியேறும்படி ஒரே காலையில் ஊற்றுவது. கழுவியதும் சத்தும் கொஞ்சம் போயிருக்கும். மறுநாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். கடல் காற்று பலமாக அடித்த மறுநாள் இலைகளின் மேலும் நல்ல தண்ணீர் தெளித்துவிட்டால் நுனி கருகாது.

எப்போது ஊற்றுவது என்பதற்கு விரலே அளவுகோல். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். கோடையில் காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், காலையில். உச்சிவெயிலில் இலை துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் அது தாகமல்ல. சாயங்காலமும் துவண்டே இருந்தால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. அப்போது ஊற்றும் ஒவ்வொரு குவளையும் கெடுதல்.

தண்ணீருக்கும் காரத்துக்கும் தொடர்பு உண்டு. காய் முற்றும் காலத்தில் சற்றே தண்ணீர் குறைந்த, வெயில் கிடைத்த செடியில் பல ரகங்கள் அதிகக் காரம் காட்டுகின்றன. காய் பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது, தினம் ஊற்றுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினால் போதும். அதற்கு மேல் வாட்டினால் பூவும் பிஞ்சும் கொட்டும், காரம் ஏறிய காய் நாலைந்துதான் மிஞ்சும். அடைமழைக்குப் பிறகு வரும் காய் சப்பென்று இருப்பதன் காரணமும் இதன் மறுபக்கம்தான்.

உரமும் பூவும்

நட்ட மூன்று வாரம் வரை வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். செடி முதலில் வேரும் கிளையும் விடட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு 100 கிராம் மண்புழு உரம். கடலோரத்தில் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை கலந்து, மூடிய பாத்திரத்தில் நிழலில் 21 நாள் வைத்தால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து இலைமேல் தெளிக்கலாம். பூக்கத் தொடங்கிய பிறகு இதைக் குறையுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி கரும்பச்சையாய்த் தழைத்து நிற்கும், காய் பிடிக்காது.

பூ கொட்டுவதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் வலுவிழந்து பூ கொட்டும். மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், இது செடியின் குற்றமல்ல. 50 சதவீத நிழல்வலையைக் காலை 11 முதல் மாலை 4 வரை விரித்துவிட்டு, செடியை உயிரோடு வைத்திருங்கள். ஜூலை மழையில் மறுபடி பூக்கும். மார்ச்சிலேயே கொட்டினால் காரணம் வேறு. மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைவது, தழைச்சத்து மிகுதி, இலைப்பேன் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, நீண்ட பூச்சிகள் ஓடினால் இலைப்பேன்.

இலை சுருண்டால்

இலை சுருளும் திசையைப் பார்க்காமல் மருந்தடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பும் நீண்டு, இலை கரும்பச்சையாகத் தடித்தால் மஞ்சள் சிலந்தி. இது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நுனி இலைகள் மிகச் சிறுத்து, நெருக்கமாகக் கொத்துக் கொத்தாக வந்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினால் மற்றவை பிழைக்கும். ஆசைப்பட்டு வைத்திருந்தால் எல்லாமே போகும்.

இலைப்பேனுக்கு, முதலில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாள் தொடர்ந்து. பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையும்படி 1 மில்லி சோப்புக் கரைசல். வெயில் இறங்கிய பின் இலையின் இரு பக்கமும் நனையும்படி, வாரம் ஒருமுறையாக மூன்று முறை. வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். நீல ஒட்டுப்பொறி இலைப்பேனையும் மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈயையும் இழுக்கும். சிலந்திக்கு வேப்பெண்ணெய் போதாவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆன பிறகே கந்தகம் அடிக்க வேண்டும். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகும். மே மாத வெயிலில் கந்தகமே வேண்டாம்.

காயின் மேல் வட்டமாகக் கருத்து அமுங்கிய புள்ளி வந்தால் பழ அழுகல் நோய். நனைந்த பழங்களில் வேகமாகப் பரவும். மழை நாளில் பழுக்கும் வரை காத்திருக்காமல் பச்சையாகவே பறித்துவிடுங்கள்.

மழையும் புயலும்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய செய்தி வந்தாலே பைகளைப் படிக்கட்டு அறைக்கோ சன்ஷேடுக்குக் கீழேயோ இறக்கிவிடுங்கள். இறக்க முடியாத பைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, குச்சியோடு இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டி, மண்ணின் மேல் பாலித்தீன் தாளைத் தண்டைச் சுற்றி விரித்துக் கட்டுங்கள். மிளகாய் வேர் நீரில் மூழ்கி இரண்டு நாள் நின்றாலே திணறிவிடும்.

மழை விட்டதும் உரம் போடும் ஆசை வரும். ஒரு வாரம் பொறுங்கள். முதலில் அடித்துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து, மேல் மண்ணைக் கிளறிக் காற்றாட விட்டு, சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு உரம். இந்த மழையிலும் ஒரு நன்மை உண்டு: பையில் ஓராண்டாகச் சேர்ந்த உப்பெல்லாம் கழுவிப்போகும். ஒரு டிரம் நிறைய மழைநீர் பிடித்து மூடி வைத்தால் பிப்ரவரி வரை கலந்து ஊற்ற ஆகும்.

பறிப்பும் விதையும்

பூத்து 30, 35 நாளில் பச்சை மிளகாய் பறிக்கலாம். கேப்சைசின் உச்சம் தொடுவது பெரும்பாலும் 40 முதல் 50 நாளில், பச்சை முற்றி நிறம் மாறும் சமயம். எனவே காரம் வேண்டுவோர் பளபளப்பான, அழுத்தினால் விறைப்பாக இருக்கும் முற்றிய காயைப் பறியுங்கள். காரம் குறைவாக வேண்டுவோர் இளசாகப் பறியுங்கள். காம்போடு கத்தரியால் வெட்டுவது நல்லது. இழுத்தால் கிளை முறியும், மிளகாய்க் கிளை அவ்வளவு மெலிது. வாரம் இருமுறை பறித்தால் செடி தொடர்ந்து பூக்கும். காய்களை விட்டுவைத்தால் பூப்பது நின்றுவிடும். வற்றலுக்கு என்றால் செடியிலேயே முழுதாகச் சிவந்து தோல் சுருங்கும் வரை விட்டு, துணியில் ஒற்றை அடுக்காக நாலைந்து வெயில் காய வையுங்கள். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே குவித்து வைத்த மிளகாயில் பூஞ்சாணம் பிடிக்கும். அதை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தவே கூடாது.

குடை மிளகாய்க்குப் பக்கத்தில் காந்தாரி வைத்தால் குடை மிளகாயும் காரமாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. காயின் சதையும் உள்ளிருக்கும் வெள்ளைச் சதையும் தாய்ச்செடிக்கே உரியவை. எந்தச் செடியின் மகரந்தம் விழுந்தாலும் அந்தக் காயின் காரம் மாறாது. மாறுவது உள்ளே உள்ள விதை. அதை மறு ஆண்டு விதைத்தால்தான் கலப்பு தெரியும். ஆகவே விதைக்கென்று வைக்கும் இரண்டு மூன்று பூக்களை, விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் கட்டி, தினம் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். பிஞ்சு தெரிந்ததும் பையை அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காய் முழுதாகப் பழுத்த பின் பறித்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு ஆண்டு வரை நன்றாக முளைக்கும். உறையின் மேல் ரகத்தின் பெயரும் எடுத்த மாதமும் எழுத மறக்காதீர்கள். உலர்ந்த பிறகு குடை மிளகாய் விதையையும் பச்சை மிளகாய் விதையையும் பார்த்துப் பிரிக்க முடியாது.